கொண்டையூசி வளைவும் ஆறு உருக்குக் குண்டுகளும்

கண்டியில் பிரதான வீதியோரம் வீடு கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு, அம்பிட்டியவோ ஹந்தானையோ அஸ்கிரியவோ, வீதியிலிருந்து வாசலுக்குப் போக ஒரு செங்குத்தான ஒழுங்கையில் ஏறித்தான் ஆகவேண்டும். அந்த ஒழுங்கைக்குள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, முதலாம் கியரில் காரை ஏற்றும்போது முன்சில்லுப் பக்கமிருந்து 'டக்... டக்... டக்' என்று சத்தம் வருகிறது. மேலே போய் நேராக ஓட்டினால் சத்தம் இல்லை. மறுநாள் பேராதனை வரை போய் வந்தாலும் இல்லை. மாலையில் அதே ஒழுங்கை, அதே டக் டக்.

"ஷாப்ட் போச்சு" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பாதி சரி. டிரைவ் ஷாப்ட் என்ற அந்த உருக்குத் தண்டு அநேகமாக நன்றாகவே இருக்கும். போனது அதன் நுனியிலுள்ள மூட்டு. கராஜில் சீ.வி. ஜொயின்ட் என்று சொல்வது அதைத்தான். கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், சத்தம் எங்கே, எப்போது வருகிறது என்பதை வைத்தே பழுதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குக் கண்டியைச் சுற்றியுள்ள வீதிகளைவிட வாய்ப்பான இடம் இலங்கையில் அதிகம் இல்லை.

நம் வீதிகளில் ஓடும் ஆல்ட்டோ, வாகன் ஆர், விட்ஸ், அக்குவா போன்ற சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுபடுபவை. எஞ்சினும் கியர் பொக்ஸும் முன்னால் குறுக்காக இருக்கும். கியர் பொக்ஸின் இரு பக்கமும் ஒவ்வொரு ஷாப்ட் புறப்பட்டு இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் போகும். கியர் பொக்ஸ் ஏறத்தாழ இருந்த இடத்தில் இருக்கிறது. சில்லோ குழியில் இறங்குகிறது, கல்லில் ஏறுகிறது, இடமும் வலமும் 30 பாகை, 40 பாகை என்று திரும்புகிறது. இவை இரண்டையும் ஒரு நேரான தண்டால் இணைக்க முடியாது. இரண்டு நுனியிலும் மூட்டு வேண்டும்.

வளைந்தபடி சுழலும் மூட்டு பழைய சங்கதி. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோவின் பெயரும், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ரொபர்ட் ஹூக்கின் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு கவைகள், நடுவே சிலுவை வடிவில் ஒரு துண்டு, அவ்வளவுதான். லொறி, பஸ், பின்சில்லால் ஓடும் வான் ஆகியவற்றின் அடியில் நீளமாகப் போகும் புரொப்பலர் ஷாப்டில் இன்றும் இருப்பது அதுதான். 'குரொஸ்' என்றால் எந்தக் கராஜ் பாஸுக்கும் விளங்கும்.

இந்த ஹூக் மூட்டில் ஒரு குறும்பு உண்டு. இரு தண்டுகளும் 30 பாகை வளைந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று என்று ஒரே சீராகச் சுழல்கிறது. வெளியே போகும் தண்டு அப்படிச் சுழலாது. ஒரே ஒரு சுற்றுக்குள் அதன் வேகம் இரண்டு தடவை 231 வரை ஏறும். இரண்டு தடவை 173 வரை இறங்கும். சராசரி மட்டும் 200. கோணம் 40 பாகையானால் ஏற்றம் 261, இறக்கம் 153. சிலுவையின் ஒரு கை ஒரு தண்டுக்கும் மறு கை மறு தண்டுக்கும் கட்டுப்பட்டிருப்பதால், தண்டுகள் வளைந்து நிற்கும்போது அது சுழல்வதோடு நில்லாமல் இங்கும் அங்குமாகச் சாய்ந்தாடவும் வேண்டியிருக்கிறது. அந்தச் சாய்வாட்டம் மறு பக்கத்தில் முந்தலும் பிந்தலுமாக வெளிப்படுகிறது.

லொறியில் இதற்கு மருந்து சுலபம். புரொப்பலர் ஷாப்டின் மறு நுனியிலும் அதே கோணத்தில் இன்னொரு குரொஸ் இருக்கிறது. முதலாவது செய்த குறும்பை இரண்டாவது தலைகீழாகச் செய்து அழித்துவிடும். ஆனால் ஷாப்டின் இரு நுனியிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாப்டின் நடுவே பல்லுப் பூட்டு இருந்தால், கெட்டிக்காரப் பாஸ் அதைக் கழற்றுமுன் இரு பாதிக்கும் குறுக்கே பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்துவைப்பதைக் காணலாம். சில பல் தள்ளிப் பூட்டிவிட்டால் அழிய வேண்டிய இரண்டும் அழியாது. புதுக் குரொஸ் போட்ட பிறகும் வாகனம் அதிர்கிறதே என்று உரிமையாளர் தலையைச் சொறியும் சந்தர்ப்பங்களில், இந்தக் கோட்டைப் போட மறந்தார்களா என்று முதலில் கேட்பது நல்லது.

காரின் முன்சில்லில் இந்த மருந்து பலிக்காது. அங்கே பெரிய கோணம் சில்லுப் பக்கத்தில் மட்டுந்தான். அதுவும் ஸ்டியரிங் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுசெய்ய மறு நுனியில் எதுவும் இல்லை. வெறும் ஹூக் மூட்டைப் போட்டால், வளைவில் சில்லு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இழுத்து இரண்டு முறை தயங்கும்; ஸ்டியரிங் கையில் துள்ளும். முன்சில்லால் இழுக்கும் கார் என்ற யோசனை மோட்டார் வாகனத்தின் ஆரம்ப நாட்களிலேயே பிறந்தும், நெடுங்காலம் சாதாரண மக்களின் காராக மாறாமல் போனதற்கு இந்த மூட்டு ஒரு முக்கிய காரணம்.

விடை வடிவகணிதத்தில் இருந்தது. வளைந்து நிற்கும் இரு தண்டுகளின் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு தளத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தினால் ஒரு தண்டின் பிம்பம் மற்றத் தண்டின் மேல் அச்சொட்டாகப் பொருந்தும். விசை கைமாறும் புள்ளி எந்த நேரமும் அந்தத் தளத்திலேயே இருக்குமானால், அது இரு தண்டுகளின் அச்சுகளிலிருந்தும் எப்போதும் சம தூரத்தில் இருக்கும். ஒன்று முந்துவதற்கோ மற்றது பிந்துவதற்கோ வழியே இல்லை. பிரான்ஸில் பியர் ஃபெனாயும் ஜான்-அல்பேர் கிரெக்வாரும் 1926இல் 'டிராக்டா' என்ற மூட்டை இதற்காகக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனத்தின் பொறியியலாளர் ஆல்பிரட் ஷெப்பா உருவாக்கியதுதான் இன்று நம் கார்களில் சில்லுப் பக்கம் இருக்கும் மூட்டின் மூதாதை.

ஷெப்பாவின் மூட்டைக் கழற்றிக் கையில் எடுத்தால் நான்கே வகைப் பாகங்கள். வெளியே ஒரு கிண்ணம். அதன் உட்சுவரில் ஆறு பள்ளங்கள். உள்ளே ஓர் உருண்டை. அதன் மேற்பரப்பிலும் ஆறு பள்ளங்கள். ஒவ்வொரு சோடிப் பள்ளத்துக்கும் இடையே ஓர் உருக்குக் குண்டு. ஆறு குண்டுகளையும் ஒரே வரிசையில் பிடித்துவைக்க, ஆறு ஜன்னல்கள் வெட்டிய ஒரு வளையக் கூடு. மூளை இருப்பது பள்ளங்களின் வளைவில். வெளிப் பள்ளங்களின் வளைவு மையமும் உட்பள்ளங்களின் வளைவு மையமும் மூட்டின் நடுப்புள்ளியில் இல்லை. ஒன்று அந்தப் பக்கமும் மற்றது இந்தப் பக்கமுமாகச் சம அளவு விலகியிருக்கின்றன. அதனால் சோடிப் பள்ளங்கள் ஒரு பக்கம் அகன்று மறு பக்கம் ஒடுங்குகின்றன. மூட்டு எந்தக் கோணத்தில் வளைந்தாலும், குண்டுகள் ஆறும் தாமாகவே நகர்ந்து, கோணத்தைச் சரிபாதியாக்கும் அந்தத் தளத்தில் போய் நிற்கின்றன. யாரும் கணக்குப் பார்ப்பதில்லை; கணக்கு உருக்கிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மூட்டு 45 பாகை, சிலவற்றில் அதற்குச் சற்றுக் கூடவும் வளையும்.

1959இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் இந்த மூட்டை மலிவான குடும்பக் காருக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் அதே வேலையை 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 செய்தது. அது பிறகு நம் வீதிகளுக்கும் வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மொரிஸ் மைனர் காலத்து ஓட்டுநருக்கு இந்த டக் டக் என்னவென்றே தெரிந்திருக்காது. மைனர் பின்சில்லால் ஓடும் வண்டி.

இனிச் சுமைக் கணக்கு. 800 சீசீ கார் ஒன்றின் எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை அதிகபட்சம் 60 நியூட்டன் மீற்றர் அளவு. முதலாம் கியரில், விசையை இரு ஷாப்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலின் பங்கையும் சேர்த்து, அது 15 மடங்கு போலப் பெருகும். 900 நியூட்டன் மீற்றர். ஒவ்வொரு ஷாப்டுக்கும் பாதி, 450. குண்டுகள் தண்டின் நடுவிலிருந்து மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவான தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கணக்குப் போட்டால், முழு விசையில் ஒவ்வொரு குண்டின் மேலும் ஏறக்குறைய 270 கிலோ எடையின் அழுத்தம். அந்த அழுத்தமும் குண்டு பள்ளத்தைத் தொடும் ஒரு சிறு புள்ளி வழியாகவே போக வேண்டும். கடினமாக்கிய உருக்கு என்பதால்தான் தாங்குகிறது.

இதெல்லாம் உச்ச எல்லை. தட்டையான வீதியில் சீராக ஓடும் கார் இதில் சிறு பங்கைத்தான் கேட்கும். ஆனால் பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறும் வீதியில், ஒரு தொன் எடையுள்ள கார் வேகம் கூட்டாமல் ஏறிக்கொண்டிருப்பதற்கே ஒவ்வொரு ஷாப்டிலும் 130, 140 நியூட்டன் மீற்றர் வேண்டும். ஓடும் தூரத்தைவிட, எந்தக் கோணத்தில் எவ்வளவு சுமை என்பதே இந்த மூட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கொழும்பில் முழுச் சுமை வருவது சிக்னலில் நேராகப் புறப்படும்போது. முழுக் கோணம் வருவது வாகனத் தரிப்பிடத்தில் மெல்ல ஊரும்போது. இரண்டும் சந்திப்பது அரிது. உடுதும்பறைக்கும் ஹசலக்கைக்கும் இடையே மகியங்கனை வீதி வளைந்து வளைந்து இறங்கும் பதினெட்டு வளைவில், மகியங்கனைப் பக்கமிருந்து ஏறி வருபவருக்கு இரண்டும் ஒரே கணத்தில், திரும்பத் திரும்பச் சந்திக்கும். கண்டியின் ஒழுங்கைகளும் அப்படித்தான்.

சரி, ஏன் டக் டக்? நேராக ஓடும்போது குண்டு ஒவ்வொன்றும் தன் பள்ளத்தின் நடுவில் ஏறத்தாழ அசையாமல் இருக்கிறது. காரின் வாழ்நாளில் பெரும் பகுதி இப்படித்தான் கழிகிறது. அதனால் தேய்வும் நடுவில்தான் கூடுதல். அங்கே மெல்ல ஒரு சிறு குழி விழுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்ததும் குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓடத் தொடங்குகின்றன. அப்போது குழியின் விளிம்பில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சுமையோடு ஏறி இறங்கினால், டக். நேரே போகும்போது சத்தம் இல்லாததன் காரணம் இதுதான்: குண்டு குழிக்குள்ளேயே இருக்கிறது.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே வருகின்றன. சிறிய கார் ஒன்றின் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 570 சுற்றுப் போலச் சுழலும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு ஒன்றரைச் சுற்று. டக் டக்கின் தாளம் இந்தச் சில்லுச் சுற்றோடு கூடிக் குறையும். எஞ்சினின் உறுமலோடு அல்ல. அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுமை போய்விடும். சத்தமும் மெலியும் அல்லது நிற்கும். இன்னொன்று: முன்னே போகும்போது குண்டு பள்ளத்தின் ஒரு சுவரை அழுத்துகிறது, ரிவர்ஸில் எதிர்ச்சுவரை. முன்னோக்கி ஒடித்து ஓட்டினால் சத்தம், பின்னோக்கி அதே ஒடிப்பில் சத்தம் இல்லை என்றால், தேய்ந்தது முன்னோக்கிய சுவர். பழைய பாஸ்மார் சிலர் வசதியில்லாதவர்களுக்கு இடது மூட்டை வலமாகவும் வலது மூட்டை இடமாகவும் மாற்றிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓடவைத்தது இந்த நியாயத்தில்தான். மாற்றியதும் தேயாத சுவர் வேலைக்கு வந்துவிடுகிறது. கணிதம் படிக்காதவர்கள் கண்டுபிடித்த கணிதம். கேட்டு ரசிக்கலாம், இன்று செய்யச் சொல்ல மாட்டேன்.

ஷாப்டின் மறு நுனி, கியர் பொக்ஸ் பக்கம், வேறு சாதி. அங்கே கோணம் குறைவு. ஆனால் சில்லு மேலும் கீழும் ஆடும்போது கியர் பொக்ஸுக்கும் சில்லுக்கும் இடையிலான தூரமே கூடிக் குறைகிறது. ஷாப்ட் நீண்டு சுருங்க வேண்டும். அதற்காகப் பெரும்பாலான கார்களில் மூன்று கை கொண்ட ஒரு துண்டு, கை ஒன்றுக்கு ஓர் உருளையாக, மூன்று நேர்ப்பள்ளங்களுக்குள் வழுக்கி ஓடுகிறது. இது தேய்ந்தால் டக் டக் வராது. நேராக மேடேறும்போது காரின் முன்பாகம் உடல் குலுங்க அதிரும். காலை எடுத்தால் சட்டென்று ஓயும். சுற்றுக்கு மூன்று தள்ளல். மணிக்கு 60 கிலோமீற்றரில் அது விநாடிக்கு 28 அதிர்வு போல. காதைவிட இருக்கைக்கே முதலில் தெரியும்.

ஆகவே கண்டியில் இருப்பவர் தன் காரைச் சோதிக்க வீதிகளையே பயன்படுத்தலாம். மாவனெல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் நீண்ட ஏற்றம், 1820களில் மாட்டு வண்டிக் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த கொழும்பு–கண்டி வீதியின் மிகக் கடினமான பகுதி, உள் மூட்டுக்கான சோதனை. ஏறும்போது அதிர்ந்து, இறங்கும்போது அதிராவிட்டால் உள் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளி மூட்டுக்கு ஒரு வெட்ட வெளி போதும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெல்ல ஒரு வட்டம், மறு பக்கம் ஒரு வட்டம், பிறகு இரண்டையும் ரிவர்ஸில். இடது பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் பழுது வலது மூட்டில் என்று ஒரு பொது விதி சொல்வார்கள், வெளிச் சில்லில் எடை ஏறுவதால். முழுதாக நம்ப வேண்டாம். வளைவில் உட்சில்லுதான் கூடுதலாகத் திரும்புகிறது. பெரிய கோணம் அங்கேதான். காது சொன்னதைக் காரைத் தூக்கிக் கையால் உறுதிப்படுத்த வேண்டும்.

மற்றச் சத்தங்களோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. சீரான உறுமல், வேகத்தோடு கூடி, ஸ்டியரிங்கை இலேசாக இடம் வலம் ஆட்டும்போது மாறினால் சில்லு பெயாரிங். மணிக்கு 80இல் ஸ்டியரிங் மட்டும் நடுங்கி, காலை எடுத்தாலும் நடுங்கினால் டயரின் சமநிலை. குழியில் விழும்போது மட்டும் தட்டினால் சஸ்பென்ஷன். நல்ல பாஸ் கேட்கும் முதல் கேள்வி, "திரும்புறப்பவா சார், நேரா போறப்பவா?" என்பது. அடுத்தது, "கால எடுத்தா நிக்கிதா?" இந்த இரண்டைக் கேட்காமல் விலை சொல்பவரிடம் காரை விட அவசரப்பட வேண்டாம்.

இவ்வளவு உறுதியான மூட்டு ஏன் போகிறது? உருக்கின் குற்றமல்ல. மூட்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்புறை இருக்கிறதே, பூட் என்பார்கள், கொலைகாரன் அங்கேதான் நுழைகிறான். உறைக்குள் இருப்பது சாதாரணக் கிறீஸ் அல்ல. அநேகமாக மொலிப்டினம் இருசல்பைட்டு கலந்த கருங்கிறீஸ். அந்தச் சேர்மம் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் படலங்களாக அமைந்திருப்பதால், 270 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறினாலும் அது உருக்கின் மேல் ஒட்டி நிற்கும். வாழ்நாள் முழுதும் போதும் என்று கணக்கிட்டு உள்ளே வைத்து மூடிய அந்தக் கிறீஸ், பூட் கிழிந்த நாளிலிருந்து சுழற்சியில் வெளியே வீசப்படுகிறது. சில்லின் உட்பக்க ரிம்மில் வட்டமாகக் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தால் அது கிழிந்த பூட் எழுதிய கடிதம்.

கிறீஸ் வெளியே போகிறது. என்ன உள்ளே வருகிறது? கண்டியைச் சுற்றியுள்ள மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான நைஸ், குவார்ட்சைட் பாறைகள். மகாவலி கரைத்துக் கொண்டுவரும் மணலிலும், மழைக்குப் பிறகு வீதியில் படியும் சேற்றிலும் இருப்பவை அவற்றின் குவார்ட்ஸ் துணிக்கைகள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோவின் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கடினமாக்கிய உருக்கையும் கீறக்கூடியது. எஞ்சிய கிறீஸோடு அது கலந்தால், உயவாக இருந்தது சாணைக்கல்லாகிவிடும். மழை நீர் சேர்ந்து துருவும் ஏறும். அதற்குப் பிறகு மூட்டு போவது ஆண்டுக் கணக்கல்ல, மாதக் கணக்கு.

இங்கே ஒரு சுவையான முரண். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்ட கன்றுகள் 1876இல் வந்து நடப்பட்ட இடங்களில் ஒன்று நம் கம்பஹாவின் ஹெனரத்கொடை. ஆனால் இந்தப் பூட்டை இயற்கை இறப்பரில் செய்ய முடியாது. பெற்றோலிய எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதி, மெதுமெதுத்து, கிழிந்துபோகும். 1930களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த நியோபிரீன் என்ற செயற்கை இறப்பர் எண்ணெயைத் தாங்கியது. இன்று அதோடு, சூட்டில் உருக்கி வார்க்கும் நெகிழ் பிளாஸ்டிக்குகளும் பயன்படுகின்றன. அவையும் நித்தியமல்ல. காற்றிலுள்ள ஓசோனும் எஞ்சின் சூடும் ஓயாத மடிப்பும் பத்துப் பதினைந்து வருடத்தில் வெடிப்பை வரவழைக்கும். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் இன்று நம் வீதியிலுள்ள கார்களில் பலவற்றின் பூட் அந்த வயதைத் தொட்டுவிட்டது, அல்லது தாண்டிவிட்டது.

குழிகளுக்குப் பயந்து ஸ்பிரிங்குக்கு மேல் துண்டு வைத்துக் காரை உயர்த்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் உயர்ந்தால் ஷாப்ட் எந்நேரமும் சரிந்தே நிற்கும். நேராக ஓடும்போதுகூடக் குண்டுகள் ஓய்வின்றி முன்னும் பின்னும் ஓடும். பூட்டின் மடிப்புகளும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும். அடி தட்டாமல் காப்பாற்றியதை ஷாப்டில் கட்டிவிட்டுப் போவீர்கள்.

திருத்துவது எப்படி? பூட் மட்டும் கிழிந்து, சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்றால் காலம் கைவசம் இருக்கிறது. ஷாப்டைக் கழற்றி, மூட்டைப் பிரித்து, பழைய கிறீஸைப் பெற்றோலில் முற்றாகக் கழுவி, குண்டுகளையும் பள்ளங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும் குழியோ, உரிந்த புள்ளியோ இல்லையென்றால் புதுக் கிறீஸ், புதுப் பூட், புது கிளிப். சத்தம் வந்துவிட்ட மூட்டுக்குக் கிறீஸ் திணிப்பது பணத்தை வீசுவது. விழுந்த குழியைக் கிறீஸ் நிரப்பாது.

கழற்றும் வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆசை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. மேட்டு நிலத்தில் ஜக் வைக்கவே கூடாது. கண்டியில் சமதளம் தேடுவதே முதல் வேலை. சில்லின் நடுவிலுள்ள பெரிய நட் அநேக சிறிய கார்களில் 200 நியூட்டன் மீற்றருக்குக் கிட்டிய இறுக்கத்தில் இருக்கும். அதன் உதட்டில் தட்டியிருக்கும் மடிப்பை நிமிர்த்தி, கார் நிலத்தில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். ஷாப்டை வெளி நுனியில் பிடித்து இழுத்தால் உள் மூட்டு பிரிந்து உருளைகள் கழன்றுவிடும். கியர் பொக்ஸ் பக்கம் நெம்பித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் எண்ணெய் கொட்டும்; அந்த இடத்து ஒயில் சீலையும் கையோடு மாற்றிவிடுவது புத்தி. திரும்பப் பூட்டும்போது புது நட், அந்தக் காரின் கையேடு சொல்லும் சரியான இறுக்கம். சில்லு பெயாரிங்கின் ஆயுள் அந்த இறுக்கத்தில் தங்கியிருக்கிறது. 'கையால நல்லா இறுக்கியாச்சு' என்பது இங்கே அளவு அல்ல. ஹைபிரிட் காரானால், அதன் உயர் மின்னழுத்தம் பற்றித் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் இரண்டு வழி. பெட்டியில் வரும் புது மூட்டு அல்லது ஷாப்ட் ஒன்று. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கும் ஜப்பானிய ரீகண்டிஷன் ஷாப்ட் இன்னொன்று. பெயர் தெரியாத புதுசைவிட நல்ல நிலையிலுள்ள அசல் பழசையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் கடைக்காரர் கையில் கொடுத்ததும் பூட் முழுதாக இருக்கிறதா, மூட்டை எல்லாப் பக்கமும் வளைத்துச் சுழற்றும்போது எங்காவது சிக்குகிறதா, முன்னும் பின்னும் திருகினால் ஆட்டம் தெரிகிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். காரில் போடுமுன் அதன் பழைய பூட்டை எறிந்து புதுசு மாட்டிவிட வேண்டும்.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன? மாதக்கணக்கில் டக் டக் என்றபடியே ஓடுபவர்கள் உண்டு. ஆனால் ஒரு நாள் குண்டுக் கூடு உடையும். டிஃபரன்ஷலின் இயல்பு அப்படி: ஒரு பக்க ஷாப்ட் விடுபட்டால் எஞ்சினின் விசை முழுதும் அந்தத் தடையில்லாப் பக்கமே ஓடிவிடும், நல்ல ஷாப்டுக்கு ஒன்றும் கிடைக்காது. ஏறிக்கொண்டிருந்த கார் நின்றுவிடும். இறங்கிக்கொண்டிருந்தால் எஞ்சின் கொடுத்த தடுப்பு அறவே இல்லாமல் போகும். ஒட்டோ கியர் காரில் 'பீ' நிலை பூட்டுவது கியர் பொக்ஸை, சில்லை அல்ல. ஷாப்ட் உடைந்த காரை 'பீ'யில் போட்டுவிட்டு மேட்டில் இறங்கினால் அது தன்பாட்டில் உருளும். கால் பிரேக்கும் கை பிரேக்கும் மட்டுமே காப்பாற்றும்.

வருடா வருடம் நாம் எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகையை மட்டுந்தான் பார்க்கிறது. பூட்டை யாரும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில்லை. நாமேதான் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, டோர்ச் ஒன்றோடு டயருக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். மடிப்புகளுக்கு இடையில் வெடிப்போ ஈரக் கறுப்போ தெரிந்தால் அந்த மாதமே கராஜுக்குப் போங்கள். வெளியே இரண்டு, உள்ளே இரண்டு என்று பூட் நான்கு. உள்ளே உள்ளவை குனிந்தால் தெரியாது, சேர்விஸுக்குக் காரைத் தூக்கும்போது அவற்றையும் காட்டச் சொல்லுங்கள்.